தண்ணீர் ஊற்றியும் வாடும் செடி: வடசென்னை மாடித்தோட்டமும் வறட்சிக்கால உப்பும்

ஏப்ரல் கடைசியில் தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் மொட்டைமாடிகளில் அடிக்கடி காணக்கிடைக்கும் காட்சி இது. பையில் மண் ஈரமாக இருக்கும். காலையில்தான் தண்ணீர் ஊற்றியிருப்பார்கள். இருந்தும் கத்தரிச் செடி தலை தொங்கி நிற்கும். அடியிலைகளின் ஓரம் மட்டும் நெருப்பில் காட்டியதுபோலக் கருகியிருக்கும். ‘வெயில் தாங்கலை’ என்று வீட்டில் இருப்பவர் இன்னொரு சொம்பு ஊற்றுவார். மறுநாள் செடி இன்னும் மோசமாகும்.

வெயிலுக்கும் பங்கு உண்டுதான். ஆனால் வடசென்னையில், அதுவும் வறட்சி ஆண்டில், மாடித்தோட்டத்தைப் பெரும்பாலும் அழிப்பது ஊற்றுகிற தண்ணீரில் இருக்கும் உப்பு. தண்ணீரை மிச்சப்படுத்தச் சொல்லும் வழக்கமான குறிப்புகளில் சிலவற்றை இங்கே அப்படியே பின்பற்றினால் செடி இன்னும் சீக்கிரம் சாகும்.

மாங்காய்த் துண்டில் உப்பைப் போட்டுக் குலுக்கி வைத்தால் சற்று நேரத்தில் நீர் விட்டுக்கொள்கிறது அல்லவா? உப்பு கூடுதலாக இருக்கும் பக்கம் நீர் நகரும். நல்ல மண்ணில், வேருக்குள் இருக்கும் கரைசல் மண்ணீரைவிட அடர்த்தியானது. அதனால் நீர் உள்ளே போகிறது. மண்ணீரில் உப்பு ஏற ஏற அந்த இழுப்பு குறையும். கடைசியில் வேரைச் சுற்றி ஈரம் இருந்தும் செடிக்குத் தாகம். உள்ளே நுழைந்த சோடியமும் குளோரைடும் இலைக்குப் போய், நீர் ஆவியானபின் அங்கேயே தங்கிவிடும். பழைய இலைகளின் நுனியும் ஓரமும் முதலில் கருகுவது இதனால்தான். வெறும் தாகம் என்றால் செடி முழுவதும் தொங்கும், தண்ணீர் ஊற்றிய ஓரிரு மணி நேரத்தில் நிமிரும். உச்சிவெயில் வாட்டம் என்றால் ஊற்றாமலே மாலையில் சரியாகிவிடும். ஈர மண்ணில், மாலையிலும் நிமிராமல், ஓரம் கருகி நின்றால் உப்பைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

உப்பு வரும் வழி

சென்னைக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மி.மீ. மழை. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்த்துவிடும். ஆகவே மாடித்தோட்டக்காரருக்கு ஜனவரி முதல் மே வரை எல்லா ஆண்டும் வறட்சிதான். வடகிழக்குப் பருவமழை பொய்த்த ஆண்டில் நிலத்தடி நீரும் இறங்கிவிடுகிறது, அவ்வளவே வித்தியாசம். 2018 பருவமழை ஏமாற்றியதால் 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் ஏறக்குறைய வறண்டன.

வடக்குப் பகுதிக்குக் கூடுதலாக ஒரு சிக்கல். ஆரணியாறு, கொசஸ்தலையாறு படுகையில் மீஞ்சூர் வட்டாரக் கிணறுகளிலிருந்து நகருக்கும் தொழிற்சாலைகளுக்கும் நீர் இறைத்ததால், 1960களின் இறுதியிலேயே கடல்நீர் நிலத்தடியில் உள்ளே புகுந்தது தெரியவந்தது. கடலோர மணலில் நன்னீர் உப்புநீரின்மேல் மிதக்கிறது. மழை குறைந்து போர் (ஆழ்துளைக் கிணறு) ஓட ஓட நன்னீர் அடுக்கு மெலியும். கீழே இருக்கும் உப்புநீர் மேலேறும். கார்த்திகையில் சுமாராக இருந்த அதே போர் தண்ணீர் சித்திரையில் வாயில் வைக்க முடியாமல் போவது இப்படித்தான். காட்டுப்பள்ளியில் 2010இல் திறந்த கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறன் கொண்டது. ஆனால் குழாயில் வரும் மெட்ரோ தண்ணீர் சமையலுக்கும் குடிக்கவும் போக, செடிக்குக் கிடைப்பது போர் தண்ணீர்தான்.

ஆகவே முதல் செலவு, ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை மில்லிகிராமில் காட்டும் டிடிஎஸ் மீட்டர். சில நூறு ரூபாய்தான். ஐ.நா. உணவு, வேளாண் அமைப்பின் பாசன நீர் வகைப்பாட்டின்படி 450க்குக் கீழே இருந்தால் எந்தப் பயிருக்கும் தடையில்லை. 450 முதல் 2,000 வரை கவனத்தோடு பயன்படுத்தலாம். 2,000க்கு மேல் கடும் கட்டுப்பாடு தேவை. போரின் அளவை ஒருமுறை பார்த்துவிட்டு விட்டுவிடக் கூடாது. பிப்ரவரியிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும், ஏனென்றால் அது ஏறிக்கொண்டே போகும்.

ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுத் தண்ணீரை வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றுவது பெரிய சிக்கனம் என்று பலர் நம்புகிறார்கள். அது உள்ளே போகும் தண்ணீரைப் பொறுத்தது. பத்து லிட்டர் உள்ளே போய் மூன்று லிட்டர் குடிநீராக வந்தால், மிச்ச ஏழு லிட்டரில்தான் ஏறக்குறைய மொத்த உப்பும் இருக்கும். உள்ளே போவது 300 அளவுள்ள மெட்ரோ தண்ணீர் என்றால் கழிவு 400ஐ ஒட்டி வரும், தாராளமாக ஊற்றலாம். 1,500 அளவுள்ள போர் தண்ணீரை ஆர்.ஓ.வில் விட்டால் கழிவு 2,000ஐத் தாண்டும். அதைச் செடிக்கு ஊற்றாமல் கழிப்பறைக்கும் மாடி கழுவவும் வைத்துக்கொள்வதே சரி.

சொம்புக் கணக்கு

12 அங்குல அகலம், 12 அங்குல உயரம் கொண்ட செடிப்பை ஏறத்தாழ 20 லிட்டர் கொள்ளும். அதில் ஒன்றரை அடி விரிந்த கத்தரிக்கு மே மாதத்தில் நாளுக்கு ஒரு லிட்டர்போலத் தேவைப்படும். 1,500 டிடிஎஸ் தண்ணீரில் லிட்டருக்கு ஒன்றரை கிராம் உப்பு. செடி நீரை எடுத்துக்கொண்டு உப்பில் பெரும்பகுதியை மண்ணிலேயே விட்டுவிடும். அடியில் ஒரு சொட்டும் வழியாதபடி சிக்கனமாக ஊற்றினால் முப்பது நாளில் 45 கிராம், அதாவது இரண்டரை மேசைக்கரண்டி உப்பு அந்தப் பையில் சேர்ந்திருக்கும். யாராவது ஒருவர் கத்தரிச் செடி அடியில் இரண்டரைக் கரண்டி உப்பைக் கொட்டினால் நாம் சும்மா இருப்போமா? அதைத்தான் தவணை முறையில் செய்கிறோம்.

இதனால் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நனைப்பது உப்புத் தண்ணீரில் மிக மோசமான முறை. அதே ஏழு லிட்டரை வாரத்தில் மூன்றோ நான்கோ முறையாகப் பிரித்து, ஒவ்வொரு முறையும் அடித்துளையில் கொஞ்சம் வழியும்வரை ஊற்ற வேண்டும். ஊற்றியதில் ஆறில் ஒரு பங்கு வெளியேறினால் போதும், அது உப்பைக் கூட்டிக்கொண்டு போகும். வழிந்த தண்ணீரைத் தட்டில் பிடித்துத் திரும்ப அதே பையில் ஊற்றுகிறவர்கள் உண்டு. கெட்ட பழக்கம். தட்டிலேயே தேங்கவிட்டாலும் அது திரும்ப மேலே ஏறும்.

மண்ணில் உப்பு எவ்வளவு என்று பார்க்க எளிய வழி இருக்கிறது. வழக்கம்போல் தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். பிறகு பையின் மேற்பரப்பில் 100 மில்லி சுத்தமான தண்ணீரைச் சுற்றி ஊற்றி, அடியில் சொட்டுவதில் அரை டம்ளர் பிடித்து டிடிஎஸ் மீட்டரை வையுங்கள். 1,500ஐத் தாண்டினால் கழுவிவிட வேண்டிய நேரம். 20 லிட்டர் பைக்குக் குறைந்தது 5 லிட்டர் நல்ல தண்ணீர் வேண்டும், ஒரேயடியாகக் கவிழ்க்காமல் அரைமணி இடைவெளியில் மூன்று தவணையாக.

வறட்சியில் நல்ல தண்ணீருக்கு எங்கே போவது? வீட்டிலேயே ஒன்று வீணாகிக்கொண்டிருக்கிறது. கடலோரக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் இரவு முழுக்க ஓடும் ஒன்றரை டன் ஏ.சி., மணிக்கு ஒரு லிட்டர் அளவுக்காவது தண்ணீர் விடும். அதில் உப்பு கிட்டத்தட்ட இல்லை. எட்டு மணி நேரத்தில் அரைக் குடத்துக்குக் குறையாது. 1,600 அளவுள்ள போர் தண்ணீரோடு சரிபாதி கலந்தால் 800க்கு இறங்கிவிடும். கலக்காமல் சேர்த்துவைத்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பைகளைக் கழுவ வைத்துக்கொள்வது அதைவிட நல்ல பயன் என்பது எங்கள் கணிப்பு. சேர்க்கும் வாளியை நைலான் வலையால் இறுக மூட வேண்டும். டெங்கு கொசு முட்டையிட இதைவிட வசதியான இடம் அதற்குக் கிடைக்காது.

அரிசி, பருப்பு, கீரை கழுவிய தண்ணீரை அன்றன்றே ஊற்றிவிடலாம். துணி துவைத்த முதல் தண்ணீர் வேண்டாம், அதிலுள்ள சோடியம் மண்ணையே இறுக்கிவிடும். கடைசி அலசல் தண்ணீரைக் கீரைக்கு ஊற்றாமல் வாழைக்கும் கல்வாழைக்கும் விடலாம்.

மண்ணும் பையும்

தென்னைநார்க் கழிவு தன் எடையைப்போல் பல மடங்கு நீர் பிடிக்கும் என்பதால் வறட்சிக்கு ஏற்றது என்று விற்கிறார்கள். உண்மைதான். ஆனால் மலிவான கட்டிகளில் அதுவே உப்பு மூட்டை. 5 கிலோ கட்டியை ஊறவைத்து மூன்று நான்கு முறை பிழிந்து அலசாமல் போட்டால் முதல் நாளே செடிக்கு உப்பு. அலசுவதற்கோ பல குடம் தண்ணீர் வேண்டும், அதுவும் நல்ல தண்ணீர். வறட்சி தொடங்கியபின் புதுக் கட்டி வாங்கி அலசுவது புத்திசாலித்தனமில்லை. கார்த்திகை மழையில் செய்யவேண்டிய வேலை அது. உப்பு நீக்கியது என்று உறையில் போட்டிருந்தாலும் பிழிந்த நீரை ஒருமுறை டிடிஎஸ் மீட்டரில் பார்த்துவிடுங்கள்.

அதன் இன்னொரு குணம்: முழுக்கக் காய்ந்துவிட்டால் தண்ணீரை ஏற்காது. காய்ந்த கலவை சுருங்கிப் பையின் ஓரத்தில் இடைவெளி விழும். ஊற்றிய தண்ணீர் அந்த ஓரம் வழியாகவே இறங்கி அடித்துளையில் கொட்டும். அடியில் வழிகிறதே, நன்றாக நனைந்துவிட்டது என்று நினைப்போம். உள்ளே நடுவில் தூள் பறக்கும். பையைத் தூக்கிப் பார்த்தால் எடை சொல்லிவிடும். அப்படி ஆனதை அகலமான தொட்டியில் நாலு விரல் தண்ணீரில் அரைமணி நேரம் உட்கார வைக்க வேண்டும். நார்க்கழிவு கலவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல், செம்மண்ணும் நன்கு மக்கிய உரமும் சரிபாதியாகச் சேர்ந்தால் இந்தத் தொல்லை குறையும். செம்மண்ணைத் தெரிந்த இடத்தில் வாங்குங்கள். குப்பைமேட்டை ஒட்டியோ ஆலைகளை ஒட்டியோ அள்ளிய மண்ணில் சாப்பிடும் பயிர் வேண்டாம்.

உரத்திலும் உப்பு உண்டு. கோடையில் எரு, மண்புழு உரம் இரண்டையும் வழக்கத்தில் பாதியாக்கிவிடலாம். காசிமேட்டு மீன் கழிவில் வெல்லம் சரிபாதி சேர்த்து மீன் அமிலம் செய்கிறவர்கள் இங்கே நிறைய. நல்ல உரம்தான், ஆனால் கடல்மீன் கழிவை ஒருமுறை கழுவிவிட்டுப் போட வேண்டும். கருவாட்டுக் கழிவைத் தொடவே கூடாது. மீன் அமிலம் லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி, அதுவும் ஈர மண்ணில்.

பையின் சூடும் பெரிய விஷயம். கறுப்புப் பையின் மேற்குப் பக்கத்தில் பிற்பகல் மூன்று மணிக்குக் கையை வைத்துப் பாருங்கள். அந்தப் பக்க வேர் வெந்திருக்கும். வெளியே வெள்ளை நிறப் பை வாங்கலாம், பழைய பையைச் சாக்கால் சுற்றலாம். செங்கல்மேல் தூக்கி வைத்தால் தளத்தின் கொதிப்பு நேரே ஏறாது. பைகளை நெருக்கி வைத்து, சிறியவற்றை நடுவில் விட்டால் ஒன்றுக்கொன்று நிழல். பகல் கடற்காற்று வந்தால் மாடி தணியும். மே கடைசியில் மேற்குக் காற்று அதைத் தடுக்கும் நாட்களில்தான் செடிகள் கொத்தாகக் கருகும். அந்த நாட்களுக்காகவே பாதி நிழல் தரும் வலையை ஏழடி உயரத்தில், மேற்குப் பக்கம் சற்று இறக்கிக் கட்ட வேண்டும். தாழ்வாகக் கட்டினால் அடியில் புழுக்கம்.

மண்ணை மூடிப் பரப்பும் மூடாக்குக்குக் கரும்புச் சாறு கடைச் சக்கை கேட்டால் சும்மா கொடுப்பார்கள். அப்படியே போட்டால் எறும்பு மொய்க்கும். ஒரு வாரம் வெயிலில் உலர்த்தி, இரண்டு அங்குலக் கனத்தில், தண்டைத் தொடாமல் பரப்புங்கள். மூடாக்கு இல்லாத பையில் மேற்பரப்பு ஈரம் ஆவியாகி உப்பு அங்கே வெள்ளைப் படலமாகப் பூக்கும். அந்தப் படலத்தைக் கிளறி உள்ளே தள்ளாமல் அரை அங்குலம் சுரண்டி எறிந்துவிட வேண்டும்.

பானை, திரி, சொட்டுக் குழாய்

அடியில் தண்ணீர்த் தொட்டி வைத்துத் திரி வழியாக நீர் ஏற்றும் தொட்டிகள் நல்ல தண்ணீருக்கு அருமையானவை. உப்புத் தண்ணீரில் அவை பொறி. நீர் எப்போதும் மேல்நோக்கியே போவதால் உப்பு வெளியேற வழியே இல்லை. மாதம் இருமுறை மேலிருந்து கழுவ முடியாதென்றால் வேண்டாம்.

பானைப் பாசனம் ஓரளவு மேல். பாதியாக வெட்டிய 200 லிட்டர் டிரம் போன்ற பெரிய தொட்டியில், மெருகு பூசாத மூன்று லிட்டர் மண்பானையைக் கழுத்து மட்டும் தெரியப் புதைத்து, நிரப்பி மூடிவிட்டால் சுற்றிலும் ஒரு சாண் தூரம் ஈரம் பரவும். செடி எடுக்க எடுக்கக் கசியும். 20 லிட்டர் பைக்குள் பானை வைப்பது வேருக்கு இடமில்லாமல் செய்துவிடும். ஒரு பருவத்துக்குள் உப்பு அடைத்துக் கசிவு குறையும். எடுத்து, தேங்காய்நாரால் தேய்த்து, வினிகர் கலந்த தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்தால் துளைகள் திறக்கும்.

சொட்டுநீரில் அதிகம் நடக்கும் தவறு அழுத்தம் பற்றியது. தண்ணீர்த் தொட்டிக்கும் பைக்கும் உயர வித்தியாசம் ஒரு மீட்டர் என்றால் அழுத்தம் 0.1 பார்தான். அழுத்தத்தைச் சமன்செய்யும் வகைச் சொட்டுவான்களுக்கு அரை பாருக்குக் குறையாமல் வேண்டும். மாடியில் அவை சொட்டவே சொட்டாது, அல்லது முதல் நான்கு பைக்கு மட்டும் சொட்டும். 16 மி.மீ. குழாயில் நேரடியாக 4 மி.மீ. மைக்ரோ டியூப் செருகி, எல்லாத் துண்டையும் ஒரே நீளத்தில் வெட்டினால் சமமாக வரும். குழாய் தொடங்கும் இடத்தில் வலை வடிகட்டி போட்டு வாரம் ஒருமுறை கழுவாவிட்டால் போர் தண்ணீரின் இரும்புத் துரு ஒரு மாதத்தில் அடைத்துவிடும்.

எதைக் காப்பது, எதை விடுவது

2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வில்லிவாக்கம் வந்திறங்கியது. அப்படியொரு ஆண்டில் முப்பது பைக்கு நாளுக்கு இரண்டு குடம் நல்ல தண்ணீர் ஒதுக்குவது நியாயமில்லை. சிலவற்றைக் கைவிட வேண்டும்.

முதலில் போகவேண்டியது தக்காளி. பகல் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் 25க்குக் கீழே இறங்காதபோது பூ உதிரும், காய் பிடிக்காது. சென்னையில் மே முழுவதும் அப்படித்தான். பச்சைப் பசேலென்று செடி நிற்கும், நாளுக்கு ஒரு லிட்டர் குடிக்கும், ஒன்றும் தராது. பீன்ஸ், வெங்காயம், முள்ளங்கி, கேரட் உப்புக்கு முதலில் விழுபவை. வெண்டை வெயிலைத் தாங்கும், உப்பைத் தாங்காது. போர் தண்ணீர் 1,000க்கு மேல் என்றால் தவிர்க்கலாம். காராமணி, கொத்தவரை, பீட்ரூட், பருப்புக்கீரை ஆகியவை ஈடுகொடுப்பவை. முளைக்கீரையும் சிறுகீரையும் 25 நாளில் அறுவடைக்கு வந்துவிடுவதால் உப்பு சேர்வதற்கு முன்பே கணக்கு முடிந்துவிடும்.

மீண்டும் வளர்க்க ஆண்டுக்கணக்கில் ஆகும் செடிகளுக்குத்தான் நல்ல தண்ணீரில் முதல் பங்கு: கறிவேப்பிலை, மல்லிகை, எலுமிச்சை. எலுமிச்சை உப்புக்கு மிக மென்மையானது, ஏ.சி. தண்ணீர் முழுவதும் அதற்கே போனாலும் தப்பில்லை. மாதுளை, சப்போட்டா, முருங்கை போர் தண்ணீரில் ஓட்டிவிடும். கறிவேப்பிலையையும் முருங்கையையும் மார்ச்சிலேயே மூன்றில் ஒரு பங்கு வெட்டிக் கவாத்து செய்தால் ஆவியாகும் இலைப்பரப்பு குறையும். பிரண்டை, கற்றாழை, கற்பூரவல்லிக்குக் கவலையே வேண்டாம்.

வறண்ட வெயிலில் சிவப்புச் சிலந்திப்பேனும் மாவுப்பூச்சியும் பெருகும். கடலை ஒட்டிய தெருக்களில் உப்புத் துளியும், எண்ணூர், அத்திப்பட்டு பக்கம் அனல்மின் நிலையச் சாம்பலும் இலைமேல் படிந்து மூச்சடைக்கும். வாரம் ஒருமுறை விடியற்காலையில் கைத்தெளிப்பானால் இலையின் அடிப்பக்கம் நல்ல தண்ணீர் அடித்தால் எல்லாவற்றுக்கும் பதில். முப்பது பைக்கு மூன்று லிட்டர் போதும். பூச்சி மிஞ்சினால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து மாலையில் மட்டும் அடிக்க வேண்டும்.

மே, ஜூனில் திடீரென்று ஒரு கோடைமழை வரும். 1,000 சதுர அடி மாடியில் 10 மி.மீ. பெய்தால் விழுவது 930 லிட்டர்; முதல் சில நிமிடத் தூசித் தண்ணீரை விட்டுவிட்டாலும் 700 லிட்டர் பிடிக்கலாம். 2003இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது போட்ட குழாய்கள் பல வீடுகளில் இன்னும் இருக்கின்றன. அடியில் உடைந்திருந்தால் ஒட்டி, ஒரு கிளையை 200 லிட்டர் டிரம்முக்குத் திருப்பிவிடுங்கள். நிரம்பிய டிரம் 200 கிலோ என்பதால் தளத்தின் நடுவில் வைக்காமல் தூணுக்கு மேலாக, மூலையில் வைக்க வேண்டும். மழை தூறத் தொடங்கியதும் மூடாக்கை ஒதுக்கி, நிழல்வலையைச் சுருட்டி, தட்டுகளை எடுத்துவிட்டுப் பைகளை நனையவிடுங்கள். நின்றபின் அடித்துளையில் சொட்டுவதை மீட்டரில் பாருங்கள். 1,000க்குக் கீழே வந்திருந்தால் மூடாக்கை மறுபடி இழுத்துவிட்டு, காலியான பைகளில் காராமணி விதைக்கலாம்.